மோவுத்துக்காரனும் மாவுத்துக்காரனும்

12 ஜனவரி 1986, செஞ்சி

தேசிங்கு ராஜா படைக்கு இன்று மீசை வைத்தேன். ஒருவனுக்குக் கோணலாகிவிட்டது, சண்டைக்குப் போகுமுன்பே அடி வாங்கியவன் மாதிரி நிற்கிறான்.

பொம்மைகளை ஈயத்தில் வார்ப்பது அவலூர்பேட்டை அன்வர் பாஷா, வர்ணம் பூசுவது நான், கோட்டை அடிவாரத்தில் கடை போட்டு விற்பது ஹுசைன் அண்ணன். இப்போது அந்த அன்வர் பாஷாவுக்கே என்னைப் பெண் கேட்டிருக்கிறார்கள். முகம்கூடப் பார்த்ததில்லை. அம்மாவுக்குக் கால் தரையில் இல்லை. “கல்யாணத்துக்கப்புறம் பிரஷ்ஷ மூட்ட கட்டிடணும் ஹபீபா, மாமியாவூட்ல இன்னா நெனப்பாங்க?” என்கிறாள்.

பிரஷ் இல்லாமல் நான் என்ன செய்வேன்?

19 ஜனவரி

தேசிங்குவின் தோழன் மோவுத்துக்காரனை வார்த்துத் தரக் கேட்டிருந்தேன். தன் நிக்காஹிலிருந்து பாதியில் எழுந்து, குதிரையேறி, ராஜாவுக்காகச் சண்டைக்குப் போனவன். வந்தது என்ன? யானை மேல் அங்குசத்தோடு ஒரு மாவுத்தன்! அண்ணன் போய்ச் சொன்னது அன்வர் பாஷா காதில் ‘மாவுத்துக்காரன்’ என்று விழுந்ததாம்.

செஞ்சிக்குப் பக்கத்து ஊர்க்காரருக்கு மோவுத்துக்காரனைத் தெரியாதா? இந்தக் காதையா நான் கட்டிக்கொள்ள வேண்டும்? கோபம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

20 ஜனவரி

யானைக்குச் சாம்பல் நிறம் பூசினேன். பாவம், அது என்ன செய்யும்.

2 பிப்ரவரி

பெண் பார்க்க வந்தார்கள். அவரும் வந்தார். விரலெல்லாம் ஈயம் சுட்ட தழும்பு. டீயை நீட்டும்போதே, “மோவுத்துக்காரன் எங்க?” என்று கேட்டுவிட்டேன். அம்மா கிள்ளினாள்.

“கல்யாணத்த பாதில உட்டுட்டு ஓடுறவனுக்கு குதிர இன்னாத்துக்கு?” என்றார். “யானன்னா மெதுவாத்தான் போவும். அதுக்குள்ள நிக்காஹ் முடிஞ்சிடும்.”

சமாளிப்பைப் பார்! விடுவேனா? “பெயின்ட் அடிக்கிறத மட்டும் நான் உடமாட்டேன்” என்றேன்.

“நீங்க உட்டுட்டா, என் பட்டாளம் அம்மணமா இல்ல சண்டைக்கிப் போவும்?”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

3 பிப்ரவரி

சரி என்று சொல்லிவிட்டேன்.

16 மார்ச், அவலூர்பேட்டை

மாமியார் என் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். மேலே தேசிங்கை எதிர்க்கும் நவாப் படை, அடியில்தான் பட்டுப்புடவை. “இன்னாடி இது, சீருக்கு பட்டாளம்?”

பதில் சொல்லட்டும் என்று என் வீட்டுக்காரரைத் தேடினேன். பட்டறையில் இருந்தார். சன்னலோரம் இருந்த தன் அடுப்பையும் அச்சுகளையும் இருட்டு மூலைக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். வெளிச்சம் பெயின்ட்டுக்குத்தான் வேண்டுமாம்.