ஆணி பிடுங்கிய ஜன்னல்

அன்பு மகளுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நான் சுகம், தையல் மெஷின் சுகம், உன் அப்பாவின் குறட்டை ரொம்பவே சுகம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், குட்டிக்கு இழுப்பு குறைந்ததா, அதை முதலில் எழுது. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதாசி எழுதுகிறாள் என்று பார்க்காதே. லீவுக்கு வா என்று வாயைத் திறந்தாலே, அந்தக் குப்பைமேட்டுப் புகையிலே எம் பொண்ணை மறுபடி மூச்சுத் திணற விட மாட்டேம்மா என்று போனை வைத்துவிடுகிறாய். கடிதாசியைப் பாதியில் வைக்க முடியாதே, முழுசாகப் படித்துத்தான் ஆகவேண்டும். எழுத்துப் பிழைக்குத் தனியாகச் சிரித்துக்கொள்.

நம் முனிசிபாலிட்டி என்றால் நீ மூக்கைச் சுளிப்பாய், தெரியும். அங்கே பியூனாக இருக்கிற மனுஷனோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டுகிறேனே, எனக்கு மட்டும் பெரிய மரியாதையா இருந்தது? ஆனால் இப்போது வந்திருக்கிற தலைவியம்மா வேறு மாதிரி. வந்த கையோடு எல்லாரையும் கூப்பிட்டு, ஊர் சூடாகிக்கொண்டே போகிறது, கார்பனைக் குறைக்கணும், முதலில் நம்ம ஆபீசிலிருந்தே ஆரம்பிப்போம் என்றார்களாம். கதவோரம் நின்று கேட்ட உன் அப்பா, சாயங்காலமே மேஜை மேஜையாகப் போய் ரசீது எழுதுகிற கார்பன் பேப்பரை எல்லாம் பொறுக்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்து நிற்கிறார், வயிறெல்லாம் நீலம்! மறுநாள் வரி கட்ட வந்த ஜனம் வாசல் வரைக்கும் நிற்க, காசாளர் தலையைப் பிய்த்துக்கொள்ள, ஒரே கூத்து. தலைவியம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, அண்ணே, நான் சொன்னதை அன்னிக்கே செஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான் என்று சொல்லி, பக்கத்தில் உட்காரவைத்து, இந்தக் கார்பன் வேறே, லாரிப் புகையிலும் குப்பையை எரிக்கிற புகையிலும் வந்து ஊரைச் சுட வைக்கிறது வேறே என்று பொறுமையாக விளக்கினார்களாம். அன்றையிலிருந்து இவர் அவங்க கட்சி. நான் அடுப்பைப் பற்ற வைத்தாலே கார்பன் கார்பன் என்கிறார், பசிக்கும்போது மட்டும் சொல்வதில்லை.

பேச்சோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதுவேனா? குப்பைமேட்டில் தீ வைக்கிறதை யாராலும் நிறுத்த முடியாது மேடம் என்று குப்பை அள்ளுகிற காண்டிராக்டர் கையை விரித்தார். அந்த அம்மா என்ன செய்தார்கள் தெரியுமா, குப்பைமேட்டிலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஆபீஸ் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். தலைவி மூக்குக்கு நேரே தீக்குச்சி கிழிக்க யாருக்கு தைரியம் வரும்? குடை பிடித்து நின்றது உங்க அப்பா, அந்தப் பெருமை அவருக்கு இன்னும் இறங்கவில்லை. இப்போது மட்கிற குப்பை தனி, மற்றது தனி. சத்தமே போடாத பேட்டரி வண்டியில் ஒரு பெண் வந்து எடுத்துப் போகிறாள், சேர்த்துப் போட்டால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவாள். எதிர்வீட்டு வக்கீல் சட்டம் பேசிப் பார்த்தார், சார் முதல்ல வாழைப்பழத் தோலை வெளியே எடுங்க என்று சொல்லிவிட்டாள். மட்கினது எருவாகிப் பஸ் ஸ்டாண்டில் வைத்த மரக்கன்றுகளுக்குப் போகிறது, ஆபீஸ் மாடியில் வெயிலிலேயே கரண்ட் எடுக்கிறார்கள்.

உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், குப்பைமேடு இன்னும் முழுசாகப் போகவில்லை, கிளறுகிற நாளில் நாற்றம் அடிக்கத்தான் செய்கிறது. ஆனால் புகை இல்லை. உன் அறையில் ஆணி அடித்து மூடியிருந்தோமே அந்தப் பின்பக்க ஜன்னல், அதை உங்க அப்பா ஒரு வழியாகப் பிடுங்கித் திறந்தார், சுத்தியல் கட்டைவிரலில் பட்டு ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். மெஷினை அங்கே நகர்த்திவிட்டேன். முன்பெல்லாம் பள்ளிக்கூடச் சட்டை தைத்து மாட்டினால் சாயங்காலத்துக்குள் கரிப்பொட்டு விழுமே, ஞாபகம் இருக்கிறதா?

மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். குட்டியின் இழுப்பு மருந்தைப் பயணத்தில் கைப்பையிலேயே வை, பெட்டியில் போடாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். இதோடு குட்டிக்கு ஒரு வெள்ளைக் கைக்குட்டை தைத்து வைத்திருக்கிறேன். துவைக்காமல் ஒரு வாரம் அந்த ஜன்னலிலேயே தொங்கவிட்டது. நன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார், மோந்தும் பார். அப்புறம் டிக்கெட் போடு.

இப்படிக்கு,
ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா