பாஸ்போர்ட்டில் தடவிய மஞ்சள்

மே 5, திங்கள்

ஹன்னா இன்றும் பசியாறாமல் ஓடிவிட்டாள். ஜெர்மனியிலிருந்து சம்பளமில்லாமல் சேவை செய்ய வந்த பெண். வயிறாரச் சாப்பிடவாவது வேண்டாமா? எட்டு மாதமாக என் வீட்டில்தான் இருக்கிறாள். சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டப் போனவர்கள் முன்பு பிள்ளைகளை விட்டுப்போன ஆயாக் கொட்டகைதான் இப்போது எங்கள் மையம். பக்கவாதம் வந்தவர்களுக்கு அங்கே நடக்கச் சொல்லித் தருகிறாள். நான் பொறுப்பாளர் என்று பெயர்தான். எல்லோரும் கேட்பது அவள் பேச்சை.

அவள் இங்கே தங்கும் அனுமதி இந்த மாதம் முப்பதோடு முடிகிறது. இன்னும் ஒரு வருஷம் கேட்க வேண்டும். பிச்சைமுத்து அண்ணன் இன்று வாக்கரைப் பிடித்து ஏழு அடி வைத்தார். “இந்தப் புள்ள போயிருச்சுன்னா நான் மறுபடியும் நாக்காலிதான் லா,” என்றார். லாரி ஓட்டிய மனுஷன்.

மே 9, வெள்ளி

விண்ணப்பப் பாரங்கள் எல்லாம் எழுதியாயிற்று. செவ்வாய்க்கிழமை ஈப்போ போகிறோம். அவள் குளிக்கப் போன நேரம் பாஸ்போர்ட்டைச் சாமி மேடையில் வைத்து நாலு மூலையிலும் மஞ்சள் தடவினேன். அனுமதி ஒட்டியிருந்த பக்கத்திலும்தான். மனசு லேசாகிவிட்டது.

மே 13, செவ்வாய்

ஐயோ. என்ன காரியம் செய்துவிட்டேன்.

குடிநுழைவு அலுவலகத்து அதிகாரி அம்மா பாஸ்போர்ட்டைப் பிரித்ததும் முகம் மாறிவிட்டது. ஈரம் காயுமுன்னே மூடி வைத்திருக்கிறேன், பாவி. மஞ்சள் ஊறி, முத்திரையெல்லாம் கலங்கி— “ரோசாக்,” என்றார். கெட்டுப்போனதாம். புதுப் பாஸ்போர்ட் வேண்டும். எப்படி நடந்தது என்று கடிதமும் வேண்டும். அந்த விளக்கத்தைப் பார்த்துத்தான் அனுமதியாம்.

ஹன்னா ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். கறிக் குழம்பு கொட்டிவிட்டது, என் தப்பு என்று தனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிவிட்டாள். நான்? வாயே திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் உடையப்பன், “அது என்ன கல்யாணப் பத்திரிகையா, மஞ்ச தடவ?” என்று சிரிக்கிறார். எனக்கு அழுகைதான் வந்தது.

மே 14, புதன்

அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தால் தேவலை.

மே 21, புதன்

கோலாலம்பூரில் தூதரகத்துக்குப் போய்வந்தாள். புதுப் பாஸ்போர்ட் வர ஐந்து வாரமாகுமாம். கடிதத்திலும் கறிக் கதையையே எழுதியிருக்கிறாள். “பொய் எழுதாத லா,” என்றேன். “நீங்க ஏச்சு வாங்கக் கூடாது, அக்கா,” என்கிறாள். யார் பெற்ற பிள்ளையோ.

மே 26, திங்கள்

கடிதம் கொடுக்க மறுபடியும் ஈப்போ. அதே அதிகாரி அம்மா. கடிதத்தைப் படித்தார். நாலு மூலையிலும் அளந்து கொட்டுகிற கறி எந்த ஊர்க் கறி என்று கேட்டார். ஹன்னா திருதிருவென்று முழித்தாள்.

சொல்லிவிட்டேன். நான்தான் தடவினேன், நல்ல காரியத்துக்கான தாளில் எங்கள் ஆட்கள் மஞ்சள் வைப்பார்கள், இவள் இங்கேயே இருக்க வேண்டும் என்று வைத்தேன், அன்றைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன்— எல்லாவற்றையும்.

இந்தப் பெண் உங்களுக்கு என்ன வேண்டும் என்றார். என் வீட்டுப் பிள்ளை என்றேன்.

பழைய கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து, நடந்ததை எழுதித் தரச் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து என் கையாலேயே எழுதினேன். புதுப் பாஸ்போர்ட் வரும்வரை தங்க ஒரு தற்காலிகச் சீட்டு கிடைத்தது. ஒரு வருஷத்துக்கு? பார்க்கலாம் என்றார், அவ்வளவுதான்.

ஜூலை 7, திங்கள்

என் புதுச் சட்டியைக் கரியாக்கிவிட்டாள். அவள் ஊர் தோசையாம். உடையப்பன் அதையும் தின்றுவிட்டு நன்றாயிருக்கிறது என்கிறார். நான் ஏசினேன். “சாரி அக்கா,” என்று கட்டிப்பிடித்துவிட்டு மையத்துக்குப் போய்விட்டாள், சட்டியைக் கழுவாமலே. அடுத்த ஜூலை வரை அனுமதி கொடுத்துவிட்டார்கள். அதுவரை இவளோடு எப்படித்தான் குப்பை கொட்டப்போகிறேனோ!