இருநூற்றுப் பதினேழாம் ஆள்

செம்பாக்கம்
3.8.2025

கண்ணு ஓவியாவுக்கு ஆயா எழுதுவது.

உன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். ஊரே கேட்கிறது. அதனால்தான் கடுதாசி. எதிர்வீட்டு அபிதகுஜாம்பாள் மாமி, "உங்க பேத்தி புனேவுல என்ன பண்றா?" என்றாள். "பூஞ்சக்காளானை எண்ணுறா மாமி" என்று பெருமையாகச் சொன்னேன். "அதுக்கா இத்தனை வருஷப் படிப்பு? எங்காத்து ஊறுகாய் ஜாடியிலயே எண்ணலாமே!" என்கிறாள். அவள் வாயடைக்கிற மாதிரி எழுது.

கங்கையம்மாள்

புனே
14.8.2025

அன்பு ஆயா,

மாமியிடம் சொல்: இந்தப் பூஞ்சை புறா எச்சத்திலும் மண்ணிலும் வாழ்கிறது. எல்லோரும் மூச்சில் இழுக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. எச்.ஐ.வி.யால் உடம்பின் காவல் குறைந்தவர்களுக்குத்தான் மூளைவரை ஏறிவிடுகிறது. எத்தனை பேருக்கு வந்தது, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எண்ணுவது என் வேலை.

இப்போது நம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் 2003ஆம் வருடப் பதிவுகளைப் பார்க்கிறேன். பெயர் இல்லை, எண் மட்டும். 217 ஒரு பெண். நாற்பது நாள் தலைவலி. சுக்குப் பற்றுப் போட்டு நெற்றி வெந்துபோய் வந்திருக்கிறார். மூளையில் ஏறின அழுத்தம் குறைய முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்ததும் மங்கின பார்வை திரும்பியிருக்கிறது. வீட்டுக்குப் போனவர் மறுபடி வரவேயில்லை. கொடுத்த விலாசமும் பொய். அவரை இறந்தவர்கள் கணக்கில் சேர்க்கச் சொல்கிறார்கள் இங்கே மேலே இருப்பவர்கள். மனசு வரவில்லை ஆயா.

ஓவியா

செம்பாக்கம்
22.8.2025

ஓவியா,

இதை நீ மட்டும் படி. அந்த 217ஐச் செத்தவர்களோடு சேர்க்காதே.

சுக்கு அரைத்தது உன் அம்மா. நெற்றித் தழும்பைத் தடவி "இன்னா ஆயா இது?" என்பாயே, அது அந்தச் சூடுதான். உடம்பின் காவலைக் குறைத்த அந்த நோய், லாரி ஓட்டின உன் தாத்தா கொண்டுவந்தது. உன் அம்மாவிடம்கூட மூளைக்காய்ச்சல் என்றுதான் சொன்னேன். ஊர் வாய்க்குப் பயந்து ஆஸ்பத்திரியில் பேரையும் விலாசத்தையும் மாற்றிக் கொடுத்தேன். அப்புறம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சொந்தப் பேரில் அந்த நோய்க்கு மாத்திரை வாங்கினேன். நீ எடுத்துக் கொடுப்பாயே, 'பிரஷர் மாத்திரை', அதுதான்.

ஐந்தாவது படித்தவளுக்கு ஆச்சரியம் அடங்கவில்லை, கண்ணு. ஊரே இழுக்கிற காற்றில் வந்தது என் தலைக்குள் ஏறி, காகிதமாகி, இருபத்திரண்டு வருஷம் கழித்து என் பேத்தி கைக்கே வந்திருக்கிறதே! பேரில்லாத என்னைச் சாகவிட உனக்கு மனசு வரவில்லையே!

இனி என் முகம் பார்ப்பாயா?

கங்கையம்மாள்

புனே
30.8.2025

ஆயா,

பதிவு எண்ணை ஆளோடு பொருத்தக் கூடாது என்பது எங்கள் விதி. அதனால் 217க்கு எதிரே 'உயிருடன்' என்று எழுத முடியாது. சண்டை போட்டு 'தகவல் இல்லை' என்று தனியாக வைத்திருக்கிறேன்.

தீபாவளிக்கு வருகிறேன். மாத்திரையை நான்தான் எடுத்துத் தருவேன்.

உன் ஓவியா