சந்தில் விசாரித்த நலம்

அன்புள்ள உம்மாவுக்கு,

அல்ஜியர்ஸிலிருந்து லக்தரின் ஸலாம். இருமல் குறைந்ததா? மாமா, மாமா பிள்ளைகள், ஆடுகள் எல்லாம் நலமா? நான் சுகம்.

சிரிக்கும்படி ஒன்று நடந்தது. இங்கே மார்க்கெட் பின்சந்தில் பட்டப்பகலில் போதை மாத்திரையைக் காய்கறி மாதிரி கூவி விற்கிறார்கள். சீருடையைக் கழற்றிவிட்டு, வாங்குகிறவன் போலப் போகச் சொன்னார் இன்ஸ்பெக்டர். மாத்திரை விற்கும் ஸுஹைர் முன்னால் போய் நின்றேன். என் வாய் தானாக நம் ஊர் வழக்கத்தில் ஆரம்பித்துவிட்டது.

"ஸலாம் அண்ணே, சுகமா? வீட்ல எல்லாரும் சுகமா? உம்மா எப்படி இருக்காங்க?"

அவன் கை இடுப்புக்குப் போனது. "மாத்திரை வாங்க வர்றவன் எவன்டா உம்மாவ விசாரிப்பான்? டேய், இவன் போலீசுடா!"

கத்தி வெளியே வந்தது. சந்தின் இரண்டு முனையையும் அவன் ஆட்கள் அடைத்துக்கொண்டார்கள். ஒளிந்திருந்த எங்கள் ஆட்கள் பாய்ந்து வந்த பிறகுதான் எல்லோரும் ஓடினார்கள். ஸுஹைரும் தப்பிவிட்டான். எனக்குச் சட்டை மட்டும்தான் பாழ். புதிதாக ஒன்று தைத்து அனுப்புங்கள். இடது கை மட்டும் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கட்டும்.

இப்போது நான் சந்துக்குள் கால் வைத்தாலே, மாடியில் காவல் நிற்கும் ஸுஹைரின் ஆள் கத்துகிறான்: "உம்மா எப்படி இருக்காங்க?" போலீஸ் வருகிறது என்பதற்கு இனி அதுதான் அவர்கள் சங்கேதம். மறு நொடி சந்து காலி.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. இருமல் எப்படி இருக்கிறதென்று உடனே எழுதுங்கள், உம்மா. இந்த ஊரில் உங்களை விசாரிப்பவர்கள் அந்தச் சந்துக்காரர்கள் மட்டும்தான்.

லக்தர்