சாம்பல் கோட்டு அத்தானுக்கு, கல் எறிந்தவன் எழுதுவது

என் பிரியத்துக்குரிய அத்தானுக்கு,

நீங்கள் போய் ஆறு வருஷம் ஆகிறது. நாளை சாயங்காலம் பஜார் மைதானத்தில் உங்கள் படத்தைத் திறக்கிறார்கள். தியாகி என்று போட்டு, மாலை சாத்தி, என்னையும் மேடையில் ஏற்றிப் பேச வைக்கப்போகிறார்கள். அதற்கு முன்னால், இன்று மத்தியானம் வரை உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருந்ததை எழுதிவிடுகிறேன். உங்கள் மண்டையைப் பிளந்தது போலீஸ்காரன் லத்தி இல்லை. நான் எறிந்த கல்.

நாளைக்கு என்னைப் பேசி முடிக்க விடுவார்களோ என்னவோ. விடாவிட்டால் இந்தக் காகிதத்தையாவது நாலு பேர் படிக்கட்டும். அவர்களுக்காக உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் ஏஜென்சி ஆபீசில் நீங்கள் கிளார்க்கு. நம்ம கடலில் கப்பல் கரைக்கு வராது, சில மைல் தள்ளித்தான் நிற்கும். தோணியில் போகிற சரக்கைச் சரிபார்க்க நீங்கள் லாஞ்சிப் படகில் ஏறிப் போவீர்கள். உங்களிடம் இருந்தது ஒரே ஒரு சூட். அந்தச் சாம்பல் நிறச் சூட்டை ஊரே பார்க்கும்படி நீங்கள் போட்ட போடு இருக்கிறதே, அப்பப்பா!

துணி எடுக்கும்போது அக்கா வெள்ளை டிரில் எடுக்கச் சொன்னாள். நீங்கள் கேட்கவில்லை. “ஏளா, துறைமுகத்துல ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் உப்பு. ரெண்டும் சேந்தா சாம்பல்தான். அழுக்கு எங்கன தெரியும்?” என்றீர்கள். அக்கா டிரில்லைத் தள்ளி வைத்தாள்.

என்னிடமும் ஒரு நாள் சொன்னீர்கள். “ஏலே, கோட்டு ஒண்ணுதான். கழுத்துக்கு மேல என்ன இருக்கு, காலுக்குக் கீழ என்ன இருக்குன்னு பாத்துத்தாம்ல ஊரு மரியாத கொடுக்கு.” ஆபீசுக்கு வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, கறுப்பு பூட்ஸ். கப்பலுக்குப் போகிற அன்று டை கருஞ்சிவப்பாக மாறும், தலையில் வெள்ளைக்காரன் வைக்கிற சோலாத் தொப்பி ஏறும். கப்பித்தான் முதலில் பூட்சைப் பார்ப்பான், பிறகு தொப்பியைப் பார்ப்பான், மூஞ்சியைப் பார்க்கவே மாட்டான் என்பீர்கள். அந்தத் தொப்பி ஆபீஸ் ஆணியை விட்டு வீட்டுக்கு வந்ததே கிடையாது. ஊருக்குள் தொப்பியோடு நடந்தால் நாய்கூடக் குரைக்கும் என்பது உங்கள் கணக்கு.

இழவு வீட்டுக்கு அதே கோட்டு. டை கூடாது, மூன்று பொத்தானும் பூட்டியிருக்க வேண்டும், காலில் ஒன்றும் இருக்கக் கூடாது. கல்யாணத்துக்குக் கால்சட்டை வேண்டாம். சரிகை வேட்டிக்கு மேலே கோட்டு, பையில் அக்காவின் பழைய பட்டிலிருந்து வெட்டிய ஒரு முக்கோணத் துண்டு. நானும் ஒரு தடவை உங்களைப் பார்த்து வேட்டிக்கு மேலே உங்கள் டையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றேன். பளீரென்று கன்னத்தில் ஒன்று விட்டீர்கள். “வேட்டியும் டையும் சேந்தா கோமாளிலே. நம்ம வீட்டுல ஒரு பய கோமாளியா நிக்கப்படாது” என்றீர்கள். வலித்தது. ஆனாலும் நியாயம் என்று பட்டது.

அந்தக் கோட்டு ஆகாத ஒரே இடம் அடிதடி. ஆழ்வார்திருநகரிக் கல்யாணத்தில் முதல் தாம்பூலம் யாருக்கு என்று தகராறு வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரன் ஒருவன் என் அப்பாவை ஒரு சொல் சொல்லிவிட்டான். நீங்கள் அவசரப்படவில்லை. கோட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து, “அழுக்காக்காமப் புடில” என்று என் கையில் கொடுத்தீர்கள். பிறகு ஒரே குத்து. அவன் மூக்கு உடைந்து, வாழை மரத்தில் ரத்தம் தெறித்தது. கையைக் கழுவிவிட்டு வந்து, கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்து பாயசம் கேட்டீர்கள். அன்றைக்கு எனக்கு உங்களைத் தவிர வேறு சாமி இல்லை.

அப்புறம் நாற்பத்திரண்டு ஆகஸ்ட் வந்தது. தலைவர்களைப் பிடித்துவிட்டார்கள் என்று சேதி வந்த நாளிலிருந்து ஊர் ஊராக இல்லை. தந்திக் கம்பியை அறுத்தார்கள், கள்ளுக்கடை எரிந்தது. எனக்கு அப்போது இருபத்தோரு வயது. கருப்பட்டிக் கிட்டங்கியில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவன், அதைப் பூட்டிவிட்டுக் கூட்டத்தில் சேர்ந்தேன். பண்டகசாலைத் தெரு முனையில் நெருப்பு வளர்த்து, போகிற வருகிறவனின் டையையும் தொப்பியையும் பிடுங்கிப் போட்டோம், கோட்டை மட்டும் விட்டோம். கொடுக்காதவனுக்கு அடி. பொய் சொல்வானேன், அடிப்பது இனித்தது.

நீங்கள் அடிபட்ட அன்று காலையில் நான்தான் உங்களிடம் வந்தேன். “அத்தான், இன்னைக்கு டை வேண்டாம். பிடுங்கி எரிக்காங்க” என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே டையை அவிழ்த்து அக்கா கையில் கொடுத்தீர்கள். வெறுந்தலையும் திறந்த கழுத்துமாகப் போனீர்கள். இனி என் அத்தானை ஒருவனும் தொட மாட்டான் என்று நம்பிக்கையோடு நானும் போனேன்.

துறைமுக வாசலில் நடந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். உங்கள் லாஞ்சிக்காரர் சொன்னார். பதினொரு மணிக்கு ஆபீசை மூடச் சொல்லிவிட்டார்களாம். வாசலை மறித்து நின்ற போலீஸ் வெறுந்தலையாக வந்தவனையெல்லாம் கலகக்காரன் என்று சாத்திக்கொண்டிருந்ததாம். தொப்பி போட்ட ஆபீஸ்காரர்களை மட்டும் விட்டார்களாம். நீங்கள் திரும்பிப் போய் ஆணியிலிருந்து தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

வாசலிலிருந்து தெரு முனைக்கு நூறு அடி இருக்குமா? அந்த நூறு அடிக்குத் தொப்பி வேண்டும், நூற்றொன்றாவது அடியில் தொப்பி கூடாது. இடத்துக்கு இடம் மாற்றத் தெரிந்த நீங்கள் அங்கே ஏன் அத்தான் பிந்தினீர்கள்? மறந்துவிட்டீர்களா? போலீஸ்காரன் இன்னும் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தானா?

எங்களுக்குப் புகை. புகைக்குள் ஒரு தொப்பி தெரிந்தது. “தொப்பிக்காரன் வாராம்ல! போடுலே!” என்று யாரோ கத்தினான். என் கையில் ரயில் பாதையிலிருந்து பொறுக்கிய கருங்கல் இருந்தது. மூஞ்சியைப் பார்க்கவில்லை அத்தான். தொப்பிக்குக் குறி வைத்தேன், கொஞ்சம் தாழ்ந்துவிட்டது.

தொப்பி பறந்தது. இடது புருவத்துக்கு மேலே கையை வைத்துக்கொண்டு நின்றீர்கள். விரல் இடுக்கு வழியாகக் கொட்டியது. கரியும் உப்பும் தெரியாத அந்தக் கோட்டில் ரத்தம் மட்டும் நன்றாகத் தெரிந்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கையை ஓங்கியபடி நின்ற என்னை நேராகப் பார்த்தீர்கள்.

அதற்குள் போலீஸ் வந்துவிட்டது. தலையில் தொப்பி இல்லாததால் நீங்களும் எங்களில் ஒருவர் ஆகிவிட்டீர்கள். முதுகில் லத்தி இறங்கியது, மூன்று அடி. முட்டுக் குத்தி விழுந்தீர்கள். எல்லாரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். கல்யாணச் சண்டையில் கோட்டை வாங்கிப் பிடித்தவன் அன்றைக்கு உங்களை நடுத்தெருவில் போட்டுவிட்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தீர்கள். அக்கா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “யாரு அடிச்சா? சொல்லுங்க, எவன் அடிச்சான்?” என்று அலறினாள். நான் கால்மாட்டில் நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே, “போலீஸ்காரந்தாம்ளா. வேற யாரு?” என்றீர்கள். அதுதான் நீங்கள் பேசிய கடைசிப் பேச்சு.

ஏன் அப்படிச் சொன்னீர்கள்? என்மேல் பிரியமா? இல்லை, இருந்து அனுபவிக்கட்டும் என்று விட்டீர்களா? எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்கு இரண்டுமே பொருந்தி வந்தது.

உங்கள் பொய்யின் மேல் உட்கார்ந்துதான் ஆறு வருஷம் சாப்பிட்டேன். கொடி மாறிய பிறகு கூட்டத்துக்குக் கூட்டம் எனக்கு முன்வரிசை. தியாகியின் மைத்துனன் வாரார் என்று வழிவிடுகிறார்கள். டீக்கடையில் ஒருவன், “அவன் வெள்ளைக்காரன் கோட்டப் போட்டவந்தானே, அவன் என்ன தியாகி?” என்றான். கையிலிருந்த கிளாசோடு அவன் வாயில் குத்தினேன். இரண்டு பல் போயிற்று. உங்களுக்காக அடித்தேன் என்று ஊர் மெச்சியது. பேச்சு வளர்ந்தால் எங்கே போய் முடியும் என்று பயந்துதான் அடித்தேன்.

போன மாதம் நடந்ததைச் சொல்லும்போது என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது. அன்று உங்கள் முதுகில் அடித்த போலீஸ்காரர் கயத்தாற்றுக்காரர். வேலையை விட்டு வந்துவிட்டார். சந்தைக்கு வந்தவரை நம்ம பயல்கள் அடையாளம் கண்டு பிடித்துவிட்டார்கள். என்னைக் கூட்டிப் போய்க் கையில் சவுக்குக் கம்பைக் கொடுத்தார்கள். “அத்தான அடிச்ச கையி அண்ணாச்சி. மொத அடி நீங்கதான் அடிக்கணும்.” அடித்தேன். அவர் முழங்கை முறிகிற சத்தம் கேட்டது.

அவர் மண்ணில் கிடந்து கும்பிட்டார். “முதுகுலதான் அடிச்சேன் சாமி. மண்டையில நான் அடிக்கல. நான் வரும்போதே ரெத்தமாத்தான் நின்னாரு” என்றார். அந்தக் கூட்டத்தில் அது நிஜம் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவர் மேற்கொண்டு பேசாமல் இருக்க வாயைப் பார்த்து இரண்டாவது அடியும் அடித்தேன்.

இனி அக்கா சங்கதிக்கு வருகிறேன். இன்று மத்தியானம் கமிட்டிக்காரர்கள் உங்கள் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். கதர் ஜிப்பா, தலையில் வெள்ளைக் குல்லா. அக்கா வெகுநேரம் பார்த்துவிட்டு, “யாரு இது?” என்றாள்.

“தியாகின்னா இப்பிடித்தான் தாயி எழுதணும்” என்றார் தலைவர்.

“அவுக ஒரு நாளும் குல்லா வச்சது இல்ல. கோட்டோட செத்தவுக. கோட்டையே எழுதுங்க.”

“நாளைக்குத் திறப்பு தாயி. இனிமே எப்பிடி அழிக்க?” என்று சொல்லிவிட்டு அவர் படத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா பெட்டியைத் திறந்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு உங்கள் சூட் வெளியே வந்தது. தோளில் கிழிந்ததைத் தைத்து வைத்திருக்கிறாள். இஸ்திரிப் பெட்டியில் சிரட்டைக் கரியைப் போட்டு ஊதி, மேஜையில் கோட்டை விரித்தாள். “ஏலே தங்கராசு, நாளைக்கு நீ இதப் போட்டுட்டு மேடையில நில்லு. அவுக எப்பிடி இருந்தாகன்னு ஊரு பாக்கட்டும்” என்றாள்.

அதற்கு மேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன். புகை, தொப்பி, கல், உங்கள் பொய், கயத்தாற்றுக்காரரின் முழங்கை, ஒன்று விடாமல் சொன்னேன். அக்கா இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடி கேட்டாள். முடிந்ததும் ஒன்றுதான் கேட்டாள்.

“எந்தக் கைலே?”

வலது கையை மேஜைமேல் வைத்தேன். பெட்டியைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். நாலு எண்ணுகிற நேரம் இருக்கும். தோல் கருகிய வாசம் வந்தது. நான் கையை இழுக்கவில்லை அத்தான், கத்தவும் இல்லை. பெட்டியை எடுத்து, அடியை ஈரத் துணியில் துடைத்து, உங்கள் கோட்டின் மற்றக் கைக்கும் இஸ்திரி போட்டு முடித்தாள். அதன் பிறகுதான் தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நீங்கள் செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

“ரெண்டு பேரையும் ஒரே நாள்ல தூக்கிக் குடுத்திருக்கணும். ஒருத்தன ஆறு வருசம் தள்ளிப் போட்டுட்டுப் போயிட்டாகளே” என்றாள்.

நான் ஆறு வருஷமாகக் கேட்டதற்கு அவள் ஒரு மூச்சில் பதில் சொல்லிவிட்டாள். புருஷனும் தம்பியும் ஒரே நாளில் போய்விடக் கூடாது என்று அவளுக்காகத்தான் சொன்னீர்கள். எனக்கு அது தோன்றவே இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “நாளைக்கு மேடையில சொல்லு. அந்தக் கயத்தாத்துக்காரரு இல்ல, நாந்தான்னு சொல்லு. இந்தக் கோட்டப் போட்டுக்கிட்டே சொல்லு.”

“சொன்னா அடிச்சே கொன்னுருவாங்கக்கா.”

“நான் முன்னால உக்காந்திருப்பேன்” என்றாள்.

என்னைக் காப்பாற்றவா, பார்த்துக்கொண்டிருக்கவா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

வலது கையில் துணி சுற்றியிருக்கிறது. இதை இடது கையால் எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருக்கும். விடிந்தால் உங்கள் கோட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். இந்தக் காரியத்துக்கு அதை எப்படிப் போட வேண்டும் என்று நீங்கள் சொல்லித் தரவில்லையே.

அத்தான், உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். நாளை அத்தனை பேர் முன்னாலும் சொல்லுவேன். கூட்டம் எழுந்தால் எழட்டும், கல் வந்தால் வரட்டும். எறிகிறவன் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு எறியட்டும். இந்தத் தடவை ஓட மாட்டேன்.

அக்கா இனித் தம்பி இல்லை என்று சொன்னாலும்,
உங்கள் மைத்துனன்,
தங்கராசு