வெற்றித்தூணின் கடைசி வரி

தண்பாழி ஆறு பாயும் மருதவள நாட்டின் தனிப்பெருங் காவலராய்ப் பொன்னெயில் மாநகரில் அரியணை வீற்றிருக்கும் மாமன்னர் வெயின வேந்தர் திருமுன்பு, அவர்தம் எல்லை நகராம் வேங்கைத்துறையின் நகரவைத் தலைவன் அழிசி, அவையோர் எண்மருடன் நிலம் தோய வணங்கி விடுக்கும் ஓலை. மன்னர் நலம் பெருகுக. தேவியார் நலம் பெருகுக. தலைநகர் வீதிகளில் விளக்கொளி குன்றாதிருக்க. இவ்விடத்து நலமும் எழுதுவதே முறை. எழுத இயலாத நிலையில் உள்ளோம், பொறுத்தருள்க.

பெருமானே, மருதன் என்னும் முதியவரின் தலை இன்றைக்கு எட்டாம் நாள் விடியலில் வெற்றித்தூணின் அடியில் கொய்யப்பட உள்ளது. கோட்டைத் தளபதி ஏனாதி கழற்கோடர் அவ்வாறு தீர்ப்பளித்துள்ளார். குதிரை மூன்று நாளில் பொன்னெயில் சேரும். திரும்ப மூன்று நாள் ஆகும். ஆகவே இதை வாசிக்கும் பகல் ஒன்றே தங்களுக்கு உண்டு. அந்த ஒரு பகலை இரந்து நிற்கிறேன்.

நடந்ததை நடந்தவாறே கூறுகிறேன். மூன்றாண்டுகளுக்கு முன் கொடுங்காட்டார் படை ஆற்றின் அக்கரையில் வந்து இறங்கியதையும், நகரம் தப்பியதையும் தாங்கள் அறிவீர். அவ்வெற்றியின் நினைவாகத் தாங்கள் அனுப்பிய கருங்கல் தூண் கடைத்தெரு நடுவே நிற்கிறது. மதில்மேல் மாண்ட வீரர் நாற்பத்தொருவர் பெயரும் அதில் உண்டு. அவற்றின் கீழே கடைசி வரியாக, "களம் விட்டு ஓடிய எழுபத்திருவர் வாயிற்புறத்தே மாண்டனர்" என்று வெட்டப்பட்டுள்ளது. தளபதியார் தங்களுக்கு விடுத்த செய்தியை நம்பியே அவ்வரி எழுதப்பட்டது. தங்கள்மேல் குறை கூற எனக்கு நாவில்லை.

அந்த எழுபத்திருவரும் எங்கள் படகோட்டித் தெருவினர். தூண் நட்ட நாள் முதல் அத்தெருவை ஊரார் ஓடுகாலித் தெரு என்கிறார்கள். அத்தெருப் பெண்களை மணங்கொள்வார் இல்லை. அவர்கள் கொண்டுவரும் மீனை வாங்குவாரும் இல்லை. அமாவாசைதோறும் அத்தெருவினரே தூணடியில் விளக்கேற்றி விழுந்து வணங்க வேண்டுமென்பது தளபதியாரின் கட்டளை.

நகரவை முற்றத்தில் முறையீட்டுக் குடம் ஒன்று உண்டு. குடிகள் தம் குறையை ஓலையில் எழுதி இடுவர். முன்பெல்லாம் கால்வாய் அடைப்பும் அண்டைவீட்டுச் சுவரும்தான் வழக்காக வரும். இவ்வாண்டு குடம் நிறைய ஒரே வழக்கு வந்தது. அந்த வரியை நீக்குக என்றன பல ஓலைகள். தூணில் கை வைப்பவன் கை ஒடிக என்றன வேறு பல. அவை மதிலில் மகனை இழந்தோர் எழுதியவை. இருசாராரையும் சென்ற வெள்ளியன்று அவைக்கு அழைத்தோம்.

படகோட்டித் தெருவின் சார்பில் உப்பை என்னும் கைம்பெண் எழுந்தாள். அவள் கூறியதை அவள் வாய்மொழியாகவே எழுதுகிறேன். அழகுபடுத்த மனம் வரவில்லை.

"என் வீட்டுக்காரனைக் கோட்டை வாசல்ல இருந்து நான்தான் தூக்கிட்டு வந்தேன். முழங்கை வரைக்கும் ரெண்டு கையும் வெந்து தோலுரிஞ்சு கெடந்துச்சு. விரலிடுக்கெல்லாம் தீ மூட்டுற கீலுப் பிசினு. எதிரியோட படகுக்குத் தீ வெச்ச கை ஐயா அது. ஓடுனவன் கையில கீலு எப்படி வரும்? கழுவிக் கழுவிப் பாத்தேன், போகலை. அப்படியேதான் எரிச்சேன்."

அப்போது எதிர்ச்சாராரின் தலைவராய் வந்திருந்த மருதன் எழுந்தார். நெசவுத்தொழிலர், அறுபத்தெட்டு அகவையினர். அவர் ஒரே மகன் கீரன் பெயர் தூணில் ஒன்பதாவதாக உள்ளது. நாள்தோறும் வந்து அதைத் தன் மேல்துண்டால் துடைத்துப் போவார். தூணைக் காக்கவே அவர் பேசுவார் என்று எல்லோரும் எண்ணினோம்.

"அம்புபட்ட பொறவு எம்மவன் ரெண்டு நாள் உசுரோட கெடந்தான்," என்றார். "தண்ணி கேக்கலை. 'அப்பா, அவங்க கதவைத் தட்டுனாங்க, பேரு சொல்லிச் சொல்லிக் கூப்புட்டாங்க, நாங்க தொறக்கலை'ன்னான். அதையேதான் சொல்லிச் சொல்லிச் செத்தான். இதைச் சொன்னா அவன் பேரைக் கல்லுல இருந்து எடுத்துருவாங்களோன்னு பயந்து மூணு வருசமா வாயைத் தைச்சுக்கிட்டேன். என்னை மன்னிச்சுரு தாயி."

உப்பை அவரை ஏசவில்லை. முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பெருமானே, அடுத்துப் பேச வேண்டியவன் நான். போர் நடந்த அன்று வாயிற்காவல் என் பொறுப்பு. அந்த எழுபத்திருவரும் தளபதியாரின் கட்டளைப்படியே ஆற்றில் நீந்திச் சென்று பகைவரின் படகுகளை எரித்தனர். எரித்துவிட்டு ஓடிவந்தனர், ஓடியது உண்மை, தம் ஊரின் வாயிலை நோக்கி ஓடினர். எங்ஙனமோ கரையேறிய பகைவர் நூறடி பின்னே வந்தனர். திறவாதே என்று தளபதியார் ஆணையிட்டார். கதவின் தாழை இறுகப் பிடித்திருந்தவை என் கைகள். வெளியே தட்டியோருள் நால்வரின் குரலை நான் அறிவேன். திறந்திருந்தால் நகரம் வீழ்ந்திருக்கக்கூடும். அடைத்தது பிழையென்று இன்றும் துணிந்து சொல்ல வல்லேன் அல்லேன். ஆயினும் அவர்கள் களம் விட்டு ஓடினர் என்பது பொய். அப்பொய்யின்கீழ் மூன்றாண்டு தலைவனாக அமர்ந்து அவர்களின் முறையீட்டை வாசித்தேன். இதை வெள்ளியன்று அவையில் சொன்னேன். யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

அவை ஒருமனதாய் முடிவு செய்தது: தூண் நிற்க, கடைசி வரி மட்டும் நீங்குக, அதற்கு மன்னரின் இசைவு வேண்டுக என்று. அச்செய்தி கோட்டைக்கு எட்டியது. மறுநாளே தளபதியார் வீரர் இருபதின்மருடன் தூணடிக்கு வந்து எங்களை அழைத்து, முறையிட்டோர் பெயர்களை எழுதித் தருமாறும், தவறினால் படகோட்டித் தெருவைத் தீயிடுவதாகவும் எச்சரித்தார். முறையீட்டுக் குடத்தை ஆற்றில் கொட்டிவிட்டோம் என்று விடையளித்தேன். அது பொய்யன்று, அன்று விடியலில் அவ்வாறே செய்தோம்.

அவர் சினந்து நின்ற அவ்வேளையில், யாரும் எதிர்பாராதபடி, மருதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் சிற்றுளியும் சுத்தியும் இருந்தன. கல் தச்சர் எவரும் அஞ்சி வராத வேலை அது. மகன் பெயர் சிதறிவிடாதபடி ஈரத்துணியை அதன்மேல் சுற்றிக் கட்டிவிட்டு, மண்டியிட்டுக் கடைசி வரியைக் கொத்தலானார். பழக்கமில்லாத கை, உளி வழுக்கி விரல்களைக் கிழித்தது. வீரர்கள் திகைத்து நின்றனர். அவர்களிலும் பலர் இவ்வூர்ப் பிள்ளைகளே. "ஓடிய" என்னும் சொல் முழுதும் போன பின்பே தளபதியாரின் அதட்டலுக்கு இணங்கி மருதனைப் பிடித்தனர்.

அரசக் கல்லைச் சிதைத்தான், அது அரசத் துரோகம் என்பது தீர்ப்பு. சிறையில் அவரைக் கண்டேன். தங்களுக்கு ஓலை எழுதப் போவதாகக் கூறினேன். கிழிந்த விரல்களில் கட்டுகளோடு, சுவரில் சாய்ந்து இருந்தார்.

"எழுதுங்க, வேணாங்கலை. ராசா நல்லவருதான்னு சொல்றாங்க. அவரு பதிலு வராமப் போனா ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க. எனக்குன்னு யாரும் கல்லு நட்டுறப்படாது. மேல இருக்குற பேரு போதும். அதுக்குக் கீழ அந்த எழுபத்திரண்டு பேரையும் வெட்டச் சொல்லுங்க. எம்மவன் தனியா இருக்கான்."

வேந்தே, இனி நான் இரக்கும் சொற்கள் தீர்ந்தன. தூணைச் சிதைத்த குற்றத்துக்கு ஒரு தலை வேண்டுமெனில், அன்று தாழைப் பிடித்த என் தலையைக் கொள்க, நான் தப்பியோடேன். அவரை விடுவிக்கும் ஆணையும், கடைசி வரியின் இடத்தில் எழுபத்திருவர் பெயரையும் பொறிக்கும் ஆணையும் ஒருங்கே அருள்க. இரண்டுக்கும் காலம் போதாதெனில் முதலாவதை மட்டும், ஒரு வரியில், தங்கள் கைவிரல் மோதிரம் பதித்து அனுப்புக.

நகரவை முத்திரையைத் தளபதியார் கைப்பற்றிக்கொண்டமையால், அவையோர் ஒன்பதின்மரும் மையில் கை தோய்த்து இவ்வோலையில் பதித்துள்ளோம். பத்தாவதாக உள்ள கை உப்பையினுடையது, அவள் கேட்டுக்கொண்டாள்.

இவ்வோலை கொண்டு வரும் குதிரைவீரனை வழியில் எவரும் தடுக்கற்க. சாவடிதோறும் புதுக்குதிரை நல்குக. இது வேங்கைத்துறை நகரவையின் ஆணை. ஏழாம் நாள் மாலைக்குள் வந்து சேரும் தங்கள் சொல்லே எங்களுக்கு ஆணையாகும். அதன்பின் வருவது, எத்துணை அருள் நிறைந்ததாயினும், வெற்றோலையே.