கவுன் துணியில் தைத்த உறை

நான் குன்னூரில் வழக்கறிஞராகத் தொழில் செய்பவன்; உன் கணவன். கீழே வருவன நானே கண்டவையும் செய்தவையும் மட்டுமே.

இன்று காலை கம்பளிகளை வெயிலில் போட எடுத்தபோது அந்தக் கறுப்பு உறை மடியில் விழுந்தது. டெட்டால் வாசனை இன்னும் முழுதாகப் போகவில்லை.

செவிலியர் பள்ளி ஆசிரியையான நீ முதுகுத்தண்டு நோயால் படுத்தாய். இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. சிறுநீர்க் குழாயும் அது வடியும் பையும் பொருத்தினார்கள். உன் மாணவிகள் மெர்சியும் பிரியாவும் கவனித்துக்கொள்ள வந்தார்கள். "கையைக் கழுவீட்டுத் தொடோணும். பை எப்பவும் இடுப்புக்குக் கீழ தொங்கோணும், தரையில படக்கூடாது" என்று தினமும் சொல்வாய். அடுத்த அறையிலிருந்து நானும் கேட்டிருக்கிறேன்.

அந்த ஞாயிறு சபையார் ஜெபத்துக்கு வந்தார்கள். கட்டிலோரம் தொங்கிய பை என் கண்ணை உறுத்தியது. உன் மானத்தைக் காப்பதாக எண்ணி, நீ கண்ணயர்ந்திருந்தபோது அதைத் தூக்கி உன் கால்மாட்டில் கம்பளிக்கடியில் வைத்தேன். ஒரு மணி நேரம் பாட்டும் ஜெபமும் நடந்தன. அவர்கள் போனபின் மெர்சி கம்பளியை விலக்கினாள்.

"ஐயோ சார், பை மேல கெடக்குதுங்க! மூத்திரம் திரும்பி உள்ள போயிருக்குமுங்க."

நீ என்னைப் பார்த்தாய். "ஏனுங்க, வெக்கம் யாருக்குங்க? எனக்கா, உங்களுக்கா?"

நான் கையைக் கழுவிவந்து பையை மீண்டும் கட்டிலோரம் கீழே மாட்டினேன்.

மூன்றாம் நாள் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது; சிறுநீர்த் தொற்று. ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்தாய். காரணம் அந்த ஒரு மணி நேரம்தான் என்று மருத்துவர் சொல்லவில்லை. அல்ல என்றும் சொல்லவில்லை.

வீடு திரும்பியதும் நான் நீதிமன்றத்துக்குப் போட்ட பழைய கறுப்புக் கவுனைக் கேட்டாய். சிறுநீரின் அளவு பார்க்க ஒரு பக்கம் திறந்திருக்கும்படி பிரியா அதில் பைக்கு உறை தைத்தாள். "வக்கீல் கவுன் போட்டாச்சு. இனி இதை யாரும் குறுக்கு விசாரணை பண்ண மாட்டாங்க" என்றாய். மாணவிகள் இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சற்றுத் தாமதமாகச் சிரிப்பு வந்தது. அதன்பின் யார் வந்தாலும் பை அதன் இடத்திலேயே தொங்கியது.

அடுத்த குளிர்காலத்தில் நீ போனது மூச்சுத் திணறலால், அந்தக் காய்ச்சலால் அல்ல. அதை எழுதும்போது எனக்கொரு ஆறுதல் தோன்றுவதையும் மறைக்கவில்லை.

மெர்சி இப்போது கீழ் கோத்தகிரியில் நர்ஸ். எஸ்டேட்டில் ஒரு பெண்ணுக்கு உறை வேண்டும் என்றாள். கவுனில் மிச்சமிருந்த துணியைக் கொடுத்தனுப்பினேன். இந்த உறையைக் கொடுக்க மனம் வரவில்லை.

வெட்கம் யாருக்கு என்று அன்று நீ கேட்டதற்கு விடை: எனக்குத்தான்.

ஒப்பம்: ஜே. தேவராஜ்

சாட்சிகள்: கம்பளியை விலக்கிய மெர்சி, உறை தைத்த பிரியா